சாம்பலன் எழுதிய பதினான்காம் கடிதம்

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் முதல் தாளில் எழுதிக்கொண்டபடி சரி. வயது நாற்பத்தொன்று. கல்யாணமாகி, ஒத்துவராமல், பதினோரு வருடங்களாகத் தனியாக இருக்கிறேன். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. மேற்படி விலாசத்தில் உள்ள வீடு எங்கள் அப்பா கட்டியது. கீழே நானும், மாடியில் என் அண்ணனும் அண்ணியும் குடியிருந்து வருகிறோம். அண்ணன் பஸ் டிப்போவில் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளர். அண்ணி வீட்டிலிருந்தபடியே ஒரு தையல் கடைக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அண்ணியைச் செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து காணவில்லை. அது சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல், நானே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது.

நான் ஆறு வருடங்களாக ‘நள்ளிருளோன்’ என்ற பெயரில் மாத நாவல்கள் எழுதி வருகிறேன். பௌர்ணமிக்கு ஓநாயாக மாறும் ஒருவன், ரத்தம் குடிக்கும் சீமான் ஒருவன், இவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண். இருபத்திரண்டு புத்தகத்திலும் இதே கதைதான். மூன்று அத்தியாயத்துக்கு ஒரு தடவை விளக்கை அணைத்தே ஆக வேண்டும் என்பது பதிப்பக மேலாளரின் உத்தரவு. ஐயா சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளலாம், எனக்குப் பழகிவிட்டது. கோரைப்பல் கழுத்தில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று எங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறவள் நான். அரைகுறையாக எதுவும் எழுதியதில்லை. ஆனால் இந்த விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்தால் என்னை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவார்.

என் ஓநாயின் பெயர் சாம்பலன். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ‘சாம்பலனுக்கு எழுதுங்கள், அவரே பதில் எழுதுவார்’ என்று ஒரு தபால் பெட்டி எண் போட்டிருக்கும். வருகிற கடிதங்களை மேலாளர் சனிக்கிழமைகளில் கட்டாகக் கட்டி என்னிடம் தருவார். நான் சாம்பலனாகப் பதில் எழுத வேண்டும். என் கையெழுத்து யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவும், ஓநாயின் கை அப்படித்தான் கோணும் என்பதற்காகவும் இடது கையால் எழுதுவேன். இதில் பதிப்பகத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. சாம்பலன் என்று ஒருவன் இல்லை என்று எழுதக் கூடாது. நேரில் சந்திக்கலாம் என்றும் எழுதக் கூடாது. இரண்டாவது சட்டத்தை நான் மீறினேன். அதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

போன வருடம் மழைக்காலத்தில் வந்த கட்டில் ஒரு நீலக் கவர் இருந்தது. பிரித்தவுடன் எழுத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மளிகைச் சீட்டில் நான் தினம் பார்க்கிற எழுத்து. அண்ணியின் எழுத்து. பதில் அனுப்ப வீட்டு விலாசம் தராமல் தையல் கடை விலாசத்தைத் தந்திருந்தார். என் தலைக்கு மேல் உட்கார்ந்து, என் புத்தகத்தைப் படித்துவிட்டு, என் ஓநாய்க்கே எழுதியிருக்கிறாரே என்று முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். குறும்பாகத்தான் பதில் எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் சிரிக்க ஒன்றும் இல்லை.

விளக்கணைக்கிற பக்கங்களைப் பற்றி அண்ணி ஒரு வரிகூட எழுதியதில்லை. அவருக்குப் பிடித்தது வேறு. சாம்பலன் காட்டிலிருந்து வந்ததும் அந்தப் பெண்ணைப் பார்த்து ‘இன்னிக்கு என்ன பண்ணினே?’ என்று கேட்பான். பக்கம் நிரப்ப நான் போட்ட வரி அது. அதைப் பத்துத் தடவை படித்ததாக எழுதியிருந்தார். என் அண்ணன் அவரை அடித்ததில்லை. அடித்தால் கீழே எனக்குக் கேட்டிருக்கும், நானும் சும்மா இருந்திருக்க மாட்டேன். அண்ணன் பேச மாட்டார், அவ்வளவுதான். கேட்காமல் அண்ணி ஒரு நாள் தன் அக்கா வீட்டுக்குப் போய்வந்ததற்காகப் பதினோரு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், வேலைக்குப் போகும்போது மாடிக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போன நாட்கள் உண்டு என்றும் எனக்குக் கடிதத்தில்தான் தெரிய வந்தது. ஒரே வீட்டில் பதினோரு வருடம் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாம்பலன் நிற்பதைப் பார்த்ததாகவும், துணி எடுக்கப் போனால் ஈரமான ரோம வாடை அடிப்பதாகவும் அண்ணி எழுத ஆரம்பித்தார். அதைப் படித்த பிறகு நானும் மாலையில் மொட்டைமாடிக்குப் போவதை விட்டுவிட்டேன். அவனை உண்டாக்கியவளே நான்தான். இருந்தாலும் பயமாக இருந்தது.

பதின்மூன்று கடிதங்கள் எழுதினேன். கடைசியாக அண்ணி எழுதியது இது: ‘நீங்க கூப்பிடலைன்னாலும் பரவாயில்ல, நான் பையைக் கட்டி வச்சுட்டேன், காட்டுப் பக்கம் நானே தேடிக்கிட்டு வரேன்.’ படியேறிப் போய் நேரில் சொல்லியிருக்கலாமே என்று ஐயா கேட்டீர்கள். பதினேழு படிதான். நாலு தடவை ஏறினேன். நாலு தடவையும் ‘காபித்தூள் இருக்கா அண்ணி?’ என்று கேட்டுவிட்டு இறங்கினேன். வெட்கம் பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதுவதற்கு வேறு யாரும் கிடையாது. சொல்லிவிட்டால் அந்தக் கடிதங்கள் நின்றுவிடும்.

அதன் பிறகு பதினான்காம் கடிதத்தை எழுதினேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குப் படகுத்துறை டிக்கெட் கவுண்டர் அருகில் நிற்கும்படியும், அடையாளத்துக்கு இந்தக் கடிதத்தையே கையில் பிடித்திருக்கும்படியும், அது கையில் இல்லாவிட்டால் பக்கத்தில் வர மாட்டேன் என்றும் எழுதினேன். அங்கே போய் நிற்கப் போகிறவள் நான். ‘நான்தான் அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க’ என்று சொல்லி, அப்படியே ஏழரை மணி பஸ்ஸில் ஏற்றி அவருடைய அக்கா ஊருக்குக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. இரண்டு பேருக்கும் எடுத்த பஸ் டிக்கெட்டுகளை ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். வழக்கம்போல் கவரின் பின்பக்கத்தில் ‘பள்ளித் தோழி’ என்று அனுப்புநர் இடத்தில் எழுதித் தையல் கடைக்குத் தபாலில் சேர்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியத்தோடு லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். நாலரை மணிக்கு அண்ணி படியிறங்கிப் போனார். பச்சைப் புடவை, புதிதாக எண்ணெய் வைத்துச் சீவிய தலை. ‘கடைக்குப் போயிட்டு வரேன்மா’ என்றார். என் கன்னத்தை ஒரு தடவை தொட்டார். அப்படி அவர் தொட்டதே கிடையாது. ஐந்து மணிக்கு நான் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அந்த நேரத்தில் அவர் டிப்போவில் இருக்க வேண்டியவர். ‘கேஸ்காரன் வருவான், சிலிண்டர் மாத்தணும். நீ வீட்ல இரு, எனக்கு வெளியில வேலை இருக்கு’ என்றார். எனக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அப்பாடா என்று இருந்தது. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம், அண்ணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவார் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினேன். கேஸ்காரர் வரவில்லை. மறுநாள் விசாரித்ததில் எங்கள் வீட்டுக்கு யாரும் சிலிண்டர் பதிவே செய்யவில்லை என்று சொன்னார்கள்.

எட்டு மணிக்கு அண்ணன் திரும்பி வந்தார். பேன்ட் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை. பின்பக்கக் குழாயில் வெகுநேரம் கைகால் கழுவினார். ‘அண்ணி எங்கே அண்ணா?’ என்று கேட்டதற்கு ‘மேலதான் இருப்பா’ என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார்.

அப்போது மாடியில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. இதை எழுத வேண்டியதில்லை என்று எழுத்தர் ஐயா சொன்னார். எழுதத்தான் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்படுகிறது. நீளமாக ஓடி, நின்று, மறுபடி ஓடுகிற சத்தம். அண்ணி வந்துவிட்டார், நான் பார்க்காத நேரம் ஏறிப் போயிருக்கிறார் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று பதினேழு படியும் ஏறினேன். கதவு வெளியே பூட்டியிருந்தது. கையை வைத்தவுடன் மெஷின் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெஷின் மேல் மூடி போட்டிருந்தது. திரும்பினால் அண்ணன் கீழ்ப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. முகத்தில் ரத்தமே இல்லை. ‘என்ன சத்தம்?’ என்றார். ‘ஒண்ணும் இல்ல அண்ணா’ என்றேன்.

புதன்கிழமை காலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டுக் கடிதத்தை மேசையில் போட்டார். ‘எவனோ ஒரு பொறுக்கியோட ஓடிட்டா. பெட்டியில இருந்தது. பாரு’ என்றார். என் கடிதங்கள். பதின்மூன்றும் மடிப்புக் கலையாமல், நூல் கட்டி, சுத்தமாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே பதினான்காவது இருந்தது. அது ஈரத்தில் ஊறிக் காய்ந்து விறைத்திருந்தது. ‘படகுத்துறை’ என்ற இடத்தில் மை கரைந்து ஓடியிருந்தது. அந்தக் கடிதம் கையில் இல்லாமல் அண்ணி வீட்டைவிட்டு இறங்கியிருக்கவே மாட்டார். அது பெட்டியில் இருக்க வழியே இல்லை.

‘அடப்பாவமே’ என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போவதுபோல் கிளம்பி நேராகத் தையல் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா நான் கேட்காமலே சொன்னார்: ‘உங்க அண்ணிக்குக் காய்ச்சல்னு வெள்ளிக்கிழமை உங்க அண்ணன்தானே வந்து துணி வாங்கிட்டுப் போனாரு? தோழிகிட்டயிருந்து கடுதாசி வந்திருக்குன்னு அவர்கிட்டயே கொடுத்தனுப்பிட்டேனே, கிடைச்சுதா?’ அந்த அக்காவின் மேல் தப்பில்லை. தோழி என்று எழுதியவள் நான். அண்ணன் அதைப் பிரித்துப் படித்து, மறுபடி ஒட்டி, ஒன்றும் தெரியாதவர்போல் அண்ணியிடம் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு படகுத்துறைக்குப் போனேன். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெரியவரிடம் அண்ணியின் போட்டோவைக் காட்டினேன். பார்த்தவுடனே தெரியும் என்றார். என் செல்போனில் இருந்த குடும்ப போட்டோவைக் காட்டி இதில் யாராவது அந்த அம்மாவோடு இருந்தார்களா என்று கேட்டேன். என் அண்ணனைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பெரியவரை ஐயா விசாரித்துக்கொள்ளலாம். இருவரும் டிக்கெட் வாங்கவில்லை என்றும், பழைய துறைப் பக்கம் கற்கரை வழியாக நடந்து போனார்கள் என்றும், ஆறரைக்குக் கவுண்டரைப் பூட்டிவிட்டதால் திரும்பி வந்ததைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அந்தப் பழைய துறையில் படி முழுக்கப் பாசி, தண்ணீர் ஆழம். இன்றைக்கே ஆள் இறக்கித் தேடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடது கையால் மாதிரி எழுத்து நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம்.

அந்த அம்மா சத்தம் போட்டாரா, முரண்டு பிடித்தாரா, அண்ணன் இழுத்துக்கொண்டு போனாரா என்று பெரியவரிடம் நான் கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதச் சொல்கிறேன்.

‘சேச்சே, அப்படியெல்லாம் இல்லம்மா. அந்தம்மா ஒரு கடுதாசியைப் பிடிச்சுக்கிட்டு வழியையே பார்த்துட்டு நின்னாங்க. இவரு பின்னாடி வந்து நின்னாரு. திரும்பிப் பார்த்ததும் அந்தம்மா அப்படியே வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் அழுகையும் சிரிப்புமா, நீங்கதானா, இத்தனை நாளும் எழுதினது நீங்கதானான்னு கேட்டாங்க. இவரு ஆமான்னு தலையாட்டினாரு. அந்தம்மா அவரு கையைக் கோத்துக்கிட்டுத்தான் போனாங்க. நல்ல ஜோடின்னு நினைச்சேன்.’

எழுத்தர் ஐயா முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. படித்துக் காட்டும்போது மேற்கண்ட இடத்துக்கு வந்ததும் அவர் நிறுத்திவிட்டார். அதை நானே வாங்கிப் படித்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டு, இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)