ஒத்தைச் செருப்பு முனை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கடல் தாண்டின ஒரு குளிர் தேசத்துல, தண்ணிக்குள்ள நெல்லு தானா விளையுற ஒரு பெரிய ஏரிக்கரையில, அனிஷினாபே சனங்களோட ஊரு ஒண்ணு இருந்துச்சாம். அந்த ஊர்ல ஓகினின்னு ஒருத்தி. வாயாடின்னா வாயாடி, அப்படி ஒரு வாயாடி. அவ பேச ஆரம்பிச்சா ஏரியில மேயுற வாத்தெல்லாம் எழுந்து பறந்துடுமாம்.

அவ வாயை அடைக்கிற வேலை ஒண்ணே ஒண்ணுதான். முள்ளுவேலை. முள்ளம்பன்றி மேல போர்வையை வீசுவாங்க. போர்வையில முள்ளு குத்திக்கும், முள்ளம்பன்றி முனகிக்கிட்டே மரமேறிப் போயிடும்; அந்தப் பக்கத்து முள்ளம்பன்றி மரமேறும். அந்த முள்ளுக்குச் சாயமேத்தி, வாயில ஊறவச்சு, பல்லால தட்டையா இழுத்து, மான்தோல் செருப்புல பூவாத் தைக்கணும். மொக்காசின்னு சொல்லுவாங்க அந்தச் செருப்பை. முள்ளு வாயில இருக்கிற வரைக்கும் பேச்சு கிடையாது.

ஒரு வருசம் வடக்கேயிருந்து வாபோஸ்னு, கிரீங்கிற சனத்து இளந்தாரி ஒருத்தன் தோணியில வந்தானாம். அவங்க பேச்சுல வாபோஸ்னா முயல். கரடியைப் பார்த்து ஓடமாட்டான், பொண்ணுங்களைப் பார்த்தா ஓடிடுவான். ஆனா ஓகினி பேசினா மட்டும் நாளெல்லாம் உக்காந்து கேப்பானாம். அவளுக்கும் அவன்மேல உசிரு. மணல்ல பதிஞ்ச அவன் காலடியை அளந்து, சொல்லாம கொள்ளாம ஒரு சோடி தைக்க ஆரம்பிச்சுட்டா.

குளிர் வந்துடுச்சு. ஏரி உறைஞ்சா தோணி போகாது. அவன் கிளம்புற அன்னைக்கு ஒரு செருப்பு முடிஞ்சுபோச்சு, இன்னொண்ணுல கடைசிப் பூ பாக்கி. வாய் நிறைய செவப்பு முள்ளு. அப்பத்தானா வரணும் அந்த மனுசன்? தரையைப் பார்த்துக்கிட்டே கேட்டானாம்:

"ஓகினி... நான் இங்கயே தங்கிடட்டுமா? என்னைக் கட்டிக்கிறியா?"

இவளுக்கு உடனே சரின்னு சொல்லணும். அவசரமாத் துப்பினா முள்ளு நாக்குல தைக்கும். ஒண்ணொண்ணா எடுக்குறா, எடுக்குறா, எடுத்துக்கிட்டே இருக்குறா. அவனோ, "ஓயாத வாயி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னு கலங்கிப்போய்த் தோணிக்கு ஓடிட்டான்.

ஓகினி பின்னாலயே ஓடினா. கரையிலேருந்து நீண்டிருந்த பாறைமேல ஏறினா. தோணி போகுது. கூப்பிடலாம்னா ஒரு முள்ளு கன்னத்துல மாட்டிக்கிச்சு. இன்னைக்கு விட்டா அவன் போனவன் போனவன்தான். எடுத்தா கையிலிருந்த செருப்பை, வீசினா பாரு!

சிரிக்காதீங்க. நம்ம பக்கம் செருப்பை வீசினா அது வேற சங்கதி. அங்க அப்படியில்லையாம்.

செருப்பு தோணிக்குள்ள விழுந்துச்சு. வாபோஸ் எடுத்துப் பார்த்தான். காலை நுழைச்சான். அவன் காலுக்குன்னே செஞ்சது. தோணியைத் திருப்பிட்டான்.

பாறைகிட்ட வந்து, "ஒண்ணுதான் இருக்கு"ன்னானாம்.

அதுக்குள்ள கடைசி முள்ளையும் எடுத்துட்டா ஓகினி. "இன்னொண்ணு வேணும்னா இங்கயே கிட! கேட்டா பதில் வர்ற வரைக்கும் நிக்கமாட்டியா? உனக்கு என்ன அவ்வளவு அவசரம்?" அப்படின்னு ஆரம்பிச்சவதான், ஏரி உறைஞ்சு உருகுற வரைக்கும் நிறுத்தலையாம். பிற்காலத்துல பேச்சு தாங்காதப்பல்லாம், வாபோஸே போர்வையைத் தூக்கிக்கிட்டு முள்ளம்பன்றியைத் தேடிப் போயிடுவானாம்.

அந்தப் பாறைக்கு ஒத்தைச் செருப்பு முனைன்னு பேரு. அந்தக் கரையில பொண்ணு கேக்க வர்ற மாப்பிள்ளை இன்னைக்கும் முதல்ல அவ வாயைத்தான் பார்ப்பானாம். முள்ளு இருந்தா, அவ ஒண்ணொண்ணா எடுத்து முடிக்கிற வரைக்கும் அசையாம நிப்பானாம்.