கார்டுல எடுத்தாச்சாம்

— பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் இப்போ போகாதேன்னு சொன்னேன் இல்ல பொன்னி? மாத்திரையிலேயே கேக்கும்னு சொன்னேனே.

— நாலு மாசமா முயுங்கிகினுதான் கீறேன் டெபோரா சிஸ்டரு. ரத்தம் நின்னபாடில்ல. மீன் கூடையத் தூக்குனா கண்ணு இருட்டிகினு வருது. அதான் உன்கிட்ட சொல்லாம பஸ் ஏறிட்டேன்.

— சரி, ஸ்கேன் எடுத்தாங்களா?

— எடுத்தாங்க. கர்ப்பப்பையில எலுமிச்சம்பயம் சைசுல கட்டி கீதாம். பையவே எடுத்துடணும், இன்ஷூரன்ஸ் கார்டு இருந்தா ஒரு பைசா வாணாம்னாங்க. கார்ட குடுத்தேன். கம்ப்யூட்டர்ல தட்டுன பொண்ணு என் மூஞ்சியவே பாக்குது. "உங்களுக்குத்தான் போன அக்டோபர்லயே கர்ப்பப்பை எடுத்தாச்சேம்மா"ன்னுது. எந்த ஊர்ல எடுத்தாங்கன்னு கேட்டேன். தாம்பரத்துலன்னு இந்த ஆஸ்பத்திரி பேரச் சொல்லுது.

— பேர் ஏதாவது மாறியிருக்கும். பொன்னின்னு எத்தனையோ பேர்.

— என் போட்டோ கீது. என் ரேகை கீது. பிரஷர் பாக்குறேன்னு கோவளத்துல கேம்ப் போட்டியே, அன்னிக்கு வெச்சது. மீன் அறுத்து அறுத்து ரேகை தேஞ்சுபோயி மிஷின்ல விழல. நீதான் ஸ்பிரிட்டு பஞ்சால தொடச்சு, என் கட்ட வெரலப் புடிச்சு நாலு வாட்டி அமுத்துன. பாவம், நமக்காக எவ்ளோ மெனக்கெடுதுன்னு நெனச்சேன்.

— அந்தக் கதவைச் சாத்து பொன்னி.

— சாத்திட்டேன். சொல்லு.

— டிரஸ்ட்ல இருந்து வந்துட்டிருந்த பணம் நின்னுடுச்சு. நோயாளிங்க குடுக்குற பத்து ரூபா சீட்டுக் காசை வச்சு என்ன நடத்த முடியும்? ஆறு மாசமா யாருக்கும் சம்பளம் இல்ல. பழைய பாக்கி தராம சிலிண்டர் இறக்க மாட்டேன்னுட்டாங்க. உள்ள ரெண்டு குழந்தைங்க ஆக்ஸிஜன்ல இருந்துச்சு. நம்ம பெரிய டாக்டர் ஜீவரத்தினம், இருபது பேரை எழுதிக் குடுங்கன்னார். பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டுல பன்னெண்டு பேர், கோவளத்துல எட்டு பேர். ஆபரேஷன் பண்ணினதா காட்டி கார்டுல பணம் வாங்கினோம்.

— கொயந்தைங்களுக்குன்னா சரி, விடு. என் பேர எய்துனது யாரு?

— நான்தான்.

— எங்க தெருவுல எத்தினி பொம்பளைங்க கீறாங்க. நான் எதுக்கு சிஸ்டரு?

— நீ சண்டைக்கு வர மாட்டேன்னு. அந்த இருபது பேரையும் அப்படித்தான் எடுத்தேன். என்னை நம்புறவங்க.

— அதனாலதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாத, மாத்திரையே போடுன்னியா?

— போனா தெரிஞ்சுடும்னு பயந்துட்டேன். மன்னிச்சுடு பொன்னி.

— வவுறு எரியுது. பதினோரு வருசமா எனக்குன்னு வெச்ச நல்ல மீன உனக்குப் பொறுக்கிக் கொண்டாந்தவ நான்.

— உன் ஆபரேஷனுக்கு எப்படியாவது வழி பண்றேன். ஒண்ணு மட்டும் கேக்கறேன். விசாரணைன்னு யாராவது வந்தா...

— முந்தாநேத்தே வூட்டுக்கு வந்துட்டாங்க. ஒரு ஆபீசரு, கூட ஒரு லேடி. ஆபரேஷன் ஆவலன்னு எய்திக் குடு, உன் கார்ட சரி பண்ணித் தரோம், அந்த ஆஸ்பத்திரிக்குப் பூட்டு போடுறோம்னாங்க.

— எழுதிக் குடுத்துட்டியா?

— இங்க ஆபீசுல எவனோ பண்ண வேல, உனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தேன் நானு. பூட்டு போட்டா உன் பொயப்பு போவுமேன்னு, ஆபரேஷன் ஆச்சு மேடம்னு ரேகை வெச்சுக் குடுத்துட்டேன்.

— வெறும் வார்த்தையை நம்பிட்டாங்களா?

— எங்க நம்புனாங்க? "தழும்பைக் காட்டுங்க"ன்னுச்சு அந்த லேடி. அஞ்சலி பொறந்தப்போ இங்கதான வவுத்தக் கிய்ச்சு எடுத்தாங்க, பயப்படாதடின்னு என் கையப் புடிச்சுகினே நின்னியே சிஸ்டரு, அந்தத் தையலக் காட்டிட்டேன்.