மீட்டிங் முடிஞ்ச பொறவு

இல்ல சார், கையெழுத்துப் போடுததுக்கு முன்ன நான் ஒண்ணு கேக்கேன். தப்பு முழுக்க பாண்டியராஜ் மேலன்னு இந்த விசாரணை ரிப்போர்ட்ல எழுதியிருக்கீய. அவன நீங்க பாத்திருக்கீயளா? போன்லயாவது பேசினீயளா? இல்லல்லா. பொறவு எப்படி எழுதுனீய? சென்னைல ரயில் ஏறும்போதே டைப் அடிச்சு எடுத்துட்டு வந்துட்டீயளோ?

உக்காருதேன், உக்காருதேன். உங்க மேல கோவம் இல்ல. நீங்க ஹெச்சாரு, அனுப்புனாவ, வந்துட்டீய. எங்க வேலை என்னன்னே தெரியாதுன்னு நீங்களே சொல்லிட்டீய. அதுவும் நல்லதுக்குத்தான். தெரிஞ்ச மாதிரி பேசுத ஆளுககிட்ட ரெண்டு வருசமா மல்லுக்கட்டி எனக்கு அலுத்துப் போச்சு.

எங்க டீம்ல பதினாலு பேரு. ஒம்பது பேரு சென்னைல. ரெண்டு பேரு போலந்துல. மிச்சம் மூணு பேரு இங்கன, சங்கரன்கோவில்ல, இந்த மாடில. நான், பாஜிலா, பாண்டியராஜ். ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் அப்பாயின்மென்ட் போடுத சாப்ட்வேர் செய்யுதோம். எந்த நோயாளி எந்த நாளு வரணும், எந்த மிஷின்ல படுக்கணும், எத்தனை மணிக்கு. நாளு மாறுச்சுன்னா அவிய போனுக்கு மெசேஜ் போகும். அம்புட்டுத்தான்.

தெனமும் மூணரைக்கு மீட்டிங். சென்னைக்காரவிய ஒம்பது பேரும் ஒரே ரூம்ல இருப்பாவ. மேசை நடுவுல ஒத்த லேப்டாப். அதுல எங்களுக்கு என்ன கேக்கும்னு நெனைக்கீய? நாற்காலி இழுக்க சத்தம், பிஸ்கட் பாக்கெட் பிரிக்க சத்தம். கேக்கலன்னு சொல்லலாம்னா நாங்க எப்பவும் மியூட்ல கெடப்போம். கீழ தறி ஓடுதுல்லா, நீங்களே காதப் பொத்திக்கிட்டுத்தான படி ஏறுனீய. மைக்கத் தொறந்தா போதும், ஏ, அந்த ஃபேக்டரிய மியூட் பண்ணுங்கப்பான்னு சத்தம் போடுவாரு பொன்னுச்சாமி சார். எங்க லீடு. அவரு எந்த ஊருங்கீய? இந்தா இருக்கு புளியங்குடி. எலுமிச்சம்பழ மார்க்கெட்டுக்குப் பின்னால வீடு. அவருக்குத் தறிச் சத்தம் என்னன்னு தெரியாதாம். மூதி. சரி சரி, ஏசல. அத எழுதாதீய.

அதாவது பரவால்ல சார். மீட்டிங்ல ஒரு முடிவும் எடுக்கமாட்டாவ. மீட்டிங் முடிஞ்ச பொறவு கீழ டீக்கடைக்குப் போவாவ. அங்கனதான் எல்லாம் முடிவாகும். ஒரு கிளாஸ் டீ தீரதுக்குள்ள எங்க மூணு பேரு ஒரு மாச வேலை தலைகீழா மாறிப்போகும். எங்ககிட்ட ஒரு வார்த்தை கெடையாது. பாஜிலா பதினோரு நாளு ஒரு ஸ்கிரீன் செஞ்சா. கண்ணு வீங்கிப்போச்சு புள்ளைக்கு. பன்னண்டாவது நாளு கொண்டுபோயி காமிச்சா, அது வேண்டாம்னு போன வாரமே சொல்லியாச்சே, தெரியாதாங்காவ. எப்படித் தெரியும்? டீ கிளாஸ்ல எழுதி பார்சல் போட்டீயளோ?

அதான் நான் ஒரு வேலை ஆரம்பிச்சேன். யாரும் செய்யச் சொல்லல. தெனமும் அஞ்சு மணிக்குச் சென்னைல ஒவ்வொருத்தருக்கா போன் போடுவேன். டீ குடிக்கும்போது என்ன பேசினீய, நேத்துக்கு இன்னைக்கு எது மாறியிருக்குன்னு நோண்டி நோண்டிக் கேப்பேன். கேட்டத ஒரு பக்கமா எழுதி மூணு ஊருக்கும் போடுவேன். என்ன மாறுச்சு, யாரு மாத்துனா, நாளைக்குக் காலைல எதத் தொடக்கூடாது. ரெண்டு வருசம் சார். எம் மகளுக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்து எழுதியிருக்கேன். ஆடித் தபசுக் கூட்டத்துல நின்னுக்கிட்டு, எம் மாமியா ஒருமாதிரி பாக்க பாக்க எழுதியிருக்கேன்.

போலந்துல ஒரு பொண்ணு இருக்கா. மொகங்கூட பாத்ததில்ல. தெனமும் அந்தப் பக்கத்துக்கு அடில, படிச்சுட்டேன், ரெண்டாவது வரில ஒரு சந்தேகம்னு எழுதுவா. ஒரு நாளு தப்புனதில்ல. கடலு தாண்டி இருக்கவளுக்கு நாங்க என்ன செய்யுதோம்னு புரியுது. அடுத்த வீட்டு ஆளு மாதிரி இருக்க புளியங்குடிக்காரருக்குப் புரியல. வருசக் கடைசில ஒரு ஃபாரம் அனுப்புவீயளே, என்னென்ன செஞ்சீயன்னு? அதுல இந்தப் பக்கம் எழுதுதத போட ஒரு கட்டம் உண்டா? கெடையாது. நான் தேடிப் பாத்துட்டேன்.

வாரேன் சார், வெள்ளிக்கிழமைக்குத்தான் வாரேன்.

பாண்டியராஜுக்குக் காலைல ஆறு மணி டூட்டி. ராயகிரில இருந்து விடியமுன்ன பைக்க எடுத்துட்டு வந்து ஆபீஸத் தொறப்பான். மொதல்ல நான் எழுதுன பக்கத்த வாசிப்பான். அதுல தொடாதன்னு ஒண்ணும் இல்லன்னா தெனசரி சோதனைய ஓட்டுவான். அந்த விதிய போட்டதே பொன்னுச்சாமி சார்தான், கேட்டுப் பாருங்க. சோதனைன்னா வேற ஒண்ணுமில்ல, இன்னைக்கு உங்க டயாலிசிஸ் ரத்துன்னு முப்பத்தெட்டு நம்பருக்கு மெசேஜ் போகும். பொய் நோயாளிக. நம்பரு பூரா நம்ம கம்பெனி ஆளுக நம்பரு. மெசேஜ் போய்ச் சேந்துச்சான்னு பாத்துட்டு அழிச்சிருவோம்.

வியாழக்கிழமை சாயந்தரம் சென்னைல அந்தப் பொய்ப் பட்டியல எடுத்துட்டு நெஜ நோயாளிக பட்டியல வச்சிட்டாவ. மறுநாளு பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்காரவிய வந்து பாக்கணும்னு சொன்னாவளாம். அது வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாதாம். யாருக்குத் தெரியும் அது? டீ குடிச்ச ஒம்பது பேருக்குத் தெரியும். போலந்துக்குக்கூட தெரியாது. இவன் ஆறு மணிக்கு வந்தான், பக்கத்த வாசிச்சான், வழக்கம்போல ஓட்டிட்டான். நெஜ நோயாளிக முப்பத்தெட்டு பேருக்கு, இன்னைக்கு வராதீயன்னு போயிருச்சு.

ஓட்டுமுன்ன பட்டியலப் பாத்திருக்கலாம்லா? நல்லாக் கேட்டீய. பாத்தா என்ன தெரியும்? நம்பருதான் தெரியும், பேரு தெரியாது. எண்ணிப் பாத்தாலும் அதே முப்பத்தெட்டுதான். நோயாளி பேரு வெளிய தெரியக்கூடாதுன்னு நாமதான் மறைச்சு வச்சிருக்கோம். கண்ணக் கட்டிவிட்டுட்டு ஏம்லே முட்டிக்கிட்டன்னு கேக்கீய.

தெரியும், அந்த முப்பத்தெட்டு பேருல ஒரு அம்மாவுக்கு ஆனது எனக்கும் தெரியும். ரத்துன்னதும் வீட்டுலயே இருந்துட்டாவ, சாயந்தரம் மூச்சு வாங்கி ஐசியூல சேத்தாவ. நேத்து வீட்டுக்குப் போயிட்டாவளாம், நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரிச்சேன். பாண்டியராஜ் வெள்ளிக்கிழமைல இருந்து ரூம விட்டு வெளிய வரல. அந்தம்மா எந்த ஊரு, கண்டுபிடிச்சுச் சொல்லுங்கக்கா, போயி கால்ல விழணும்னு மெசேஜ் அனுப்புதான். அவன் தங்கச்சி என்கிட்ட அழுதா. அவனுக்கு இப்ப நீங்க லெட்டரு குடுக்கப்போறீய, கவனக்குறைவால வேலைய விட்டு நிப்பாட்டுதோம்னு. ஆஸ்பத்திரி சாப்ட்வேர்ல கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்தா பொறவு எவன் சார் அவனுக்கு வேலை குடுப்பான்? வயசு இருபத்தஞ்சு.

ஒம்பது பேருக்கு லெட்டரு இல்ல. பொன்னுச்சாமி சாருக்கு லெட்டரு இல்ல. தகவல் பரிமாற்றத்துல சிறு இடைவெளின்னு எழுதியிருக்கீய அவியளுக்கு. எம்புட்டு அழகா இருக்கு! இவனுக்கு மட்டும் தமிழு வேற மாதிரி வருது.

எனக்கும் ஒண்ணுமில்லன்னு பாத்தேன். வாசிச்சேன். கோமதித்தாய்க்கு யாரும் தகவல் சொல்லல, அதனால அவங்க பக்கத்துல அது வரலன்னு இருக்கு. ஆமா, யாரும் சொல்லல. சத்தியமா யாரும் சொல்லல.

அன்னைக்கு நான் ஏன் போன் போடலன்னு பொன்னுச்சாமி சார் கேட்டாரா? ரெண்டு வருசமா அவ கூப்புடுவா, அன்னைக்குன்னு கூப்புடலன்னாரா? நான் கூப்புடலன்னா இவியளுக்கு வாயி கெடையாதா, வெரலு கெடையாதா? ஒரு வரி அடிச்சுவிட எம்புட்டு நேரம் ஆகும்?

சரி. திரும்பத் திரும்பக் கேக்கீய. சொல்லுதேன்.

அன்னைக்குச் சென்னைல மழ சார். டீக்கடைக்குப் போகல. டீய மேல வரவழைச்சு ரூம்லயே நின்னு பேசினாவ. அந்த லேப்டாப்ப மூட மறந்துட்டாவ. மத்தவிய எல்லாம் லைன விட்டுப் போயாச்சு. நான் மட்டும் இங்கன மியூட்ல, காதுல ஹெட்போனு, நான் இருக்கதே அவியளுக்கு நெனப்புல இல்ல. எந்த நாளும் கேக்காத சத்தம் அன்னைக்கு பக்கத்துல நின்னு பேசுத மாதிரி கேட்டுச்சு. பட்டியல மாத்துதது, பத்து மணி வரைக்கும் யாரும் தொடக்கூடாதுங்கது, எல்லாம். கோமதிகிட்ட சொல்லிரலாமான்னு ஒரு பையன் கேட்டான். அதெதுக்கு, அஞ்சு மணியானா அந்தம்மாவே ரேடியோ மாதிரி ஆரம்பிச்சிரும்னாரு பொன்னுச்சாமி சார். பேசுதத தானே குறிச்சுக்கிடுத மிஷின் அடுத்த மாசம் வருது, பொறவு அந்தம்மாவ எங்கன உக்கார வைக்கன்னு யோசிக்கணும்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. அந்தப் பையனும் சிரிச்சான்.

கேட்டத எழுத போன் எதுக்கு? அதான் போடல. பக்கத்தத் தொறந்தேன். ரெண்டு வரி எழுதுனேன், நீங்க பிரிண்ட் எடுத்து வச்சிருக்கீயல்லா, அந்த ரெண்டு வரி. பட்டியலத் தொடாதீயங்க மூணாவது வரிய எழுதல. ஒரு நாளு இல்லாமப் பாக்கட்டும், பொறவு தெரியும் அருமைன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி தோசை சுட்டேன். காலைல அவன் ஆறு மணிக்கு வருவான், அவன் வாசிப்பான்ங்கது எனக்கு நெனப்புல வரவே இல்ல சார். சென்னைக்காரவிய மொகந்தான் முன்னால நின்னுச்சு.

இதுக்குச் சாட்சி ஒண்ணும் இல்ல. நான் லைன்ல இருந்தது எவருக்கும் தெரியாது. நீங்க இந்தத் தாள எடுத்துட்டு ரயிலேறினா முடிஞ்சுபோகும்.

பேனா இந்தாங்க. பாண்டியராஜ் பேர அடிச்சிருங்க, என் பேர எழுதுங்க. கவனக்குறைவுங்கதையும் அடிங்க. எனக்குக் கவனமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.