பேச்சி நூலகத்தில் சேர்க்கப்பட்ட வரிகள் குறித்து ஷெர்லின் சொன்னது

பெயர் ஷெர்லின், வயது 27, தகப்பனார் பெயர் ரத்தினம், தொழில் மென்பொருள் எழுதுவது, இருப்பிடம் இலஞ்சி, வேதக்கோயில் தெரு. தென்காசி சைபர் குற்றப்பிரிவு உதவி ஆய்வாளர் முன்பு நேரில் வந்து, விசாரிக்கப்பட்டதில் கூறுவதாவது:

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் வசித்து, வீட்டிலிருந்தே வேலை பார்த்து வருகிறேன். தென்காசியைச் சேர்ந்த விஜயசங்கர் என்னுடன் பொறியியல் கல்லூரியில் படித்தவர். படிப்பு முடிந்தபின், கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லும் சாட்பாட்டை யாரும் எளிதாகச் செய்துகொள்ளும்படி, பைத்தான் கணினி மொழிக்கு ஒரு துணை நூலகம் எழுதினேன். பக்கம் பக்கமாக எழுத வேண்டிய நிரலை அதை வைத்துச் சில வரிகளில் முடித்துவிடலாம். அதற்குப் பேச்சி என்று பெயர் வைத்தவர் விஜயசங்கர். இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டோம். அதைத் திருத்தி வெளியிட எனக்கு இருந்த உரிமையை அவருக்கும் கொடுத்திருந்தேன். நான் டைபாய்டு வந்து படுத்திருந்தபோது அதில் வந்த பிழைகளை எல்லாம் அவர்தான் சரிசெய்தார்.

எங்கள் தெருவில் வசிக்கும் இராமலட்சுமி, குற்றாலத்தில் ஒரு தனியார் விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்து வந்தார். அங்கே மேலாளராக இருக்கும் பாண்டியராஜ் வேலைக்கு வரும் பெண்களிடம் தவறாக நடக்கிறார் என்றும், பெயரைச் சொல்லிப் புகார் கொடுக்க எல்லோரும் பயப்படுகிறார்கள் என்றும் என்னிடம் சொன்னார். அதன்பின் நான் பேச்சியைக் கொண்டு ஒரு சாட்பாட் செய்தேன். பெண்கள் தங்கள் போனில் தமிழில் பேசினால் போதும். அது பெயரைக் கேட்காமல், என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, மாதர் சங்கத் தலைவி பார்வதியம்மாளுக்கு மட்டும் புகாராக அனுப்பும். இராமலட்சுமி முதலில் தயங்கி, "மேனேஜரு காதுக்குப் போயிராதுல்லா?" என்று கேட்டார். "போவாதுக்கா, நான் எழுதுனது" என்றேன்.

அதன்பின் சீசன் தொடங்கி விடுதியில் கூட்டம் அதிகமான சமயத்தில், தான் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த அறைக்குள் பாண்டியராஜ் வந்து கதவைச் சாத்திக் கையைப் பிடித்ததையும், தான் தள்ளிவிட்டு ஓடியதையும் இராமலட்சுமி சாட்பாட்டில் சொல்லியிருக்கிறார். பார்வதியம்மாள் அதன்பேரில் நடவடிக்கை எடுப்பதற்குள், பாண்டியராஜ் வேலைக்காரர்கள் எல்லோரையும் துணி வெளுக்கும் இடத்துக்கு வரவழைத்து, இராமலட்சுமி பேசியதைத் தன் போனிலிருந்து வார்த்தை மாறாமல் வாசித்திருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் நடந்ததைக் கொண்டு ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாசித்து முடித்ததும் இராமலட்சுமியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். இது பிறகு அவருடன் வேலை பார்த்த பெண்கள் சொல்லி எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் இராமலட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதுனாலதான நான் வாயத் தொறந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய புடவை முந்தானை நனைந்திருந்தது, வழியெல்லாம் சாரலில் நடந்தே வந்திருக்கிறார்.

அதன்பின் நான் பார்வதியம்மாளிடம் விசாரித்தேன். அவர் யாருக்கும் காட்டவில்லை என்றார். என் சாட்பாட்டைச் சோதித்தேன், அதில் குறை இல்லை. பிறகு பேச்சியையே திறந்து பார்த்தபோது, விஜயசங்கர் கடைசியாக வெளியிட்ட திருத்தத்தில், பேசப்படும் ஒவ்வொன்றின் நகலையும் வேறொரு கணினிக்கு அனுப்பும் வரிகள் இருந்தன. "வேகத்தைக் கூட்டுவதற்கு" என்று அதற்கு மேலே குறிப்பு எழுதியிருந்தார். அந்தக் கணினி, விடுதிகளில் அறை பதிவுசெய்ய அவர் புதிதாகத் தொடங்கிய தொழிலுக்கு உரியது.

மறுநாள் தென்காசியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அம்மா வழக்கம்போல எனக்கும் சேர்த்து இலை போட்டார். நான் உட்காரவில்லை. மாடிக்குப் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. விடுதிக்காரர்களுக்கு விற்பதென்றால் ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது, அதற்காகத்தான் அந்த வரிகளைச் சேர்த்ததாகச் சொன்னார். அது பாண்டியராஜ் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். "அவருதான் எனக்கு மொத கஸ்டமரு. அவரு பேரு வந்த பொறவு எப்படி, ஷெர்லின், சொல்லாம இருக்க?" என்றார். அந்தப் பெண் சொன்னதை முழுக்க வாசித்தாயா என்று கேட்டேன். வாசித்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் நான் வீட்டுக்கு வந்து அவருடைய உரிமையை ரத்து செய்து, மேற்படி வரிகளை நீக்கி, பேச்சியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் நடந்ததைத் தெரிவித்தேன். அன்றே விஜயசங்கர் போன் செய்து, நூலகத்தில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது, போலீசுக்குப் போனால் நானும் மாட்டுவேன், தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லிவிடலாம் என்றார். நான் போனை வைத்துவிட்டேன். பழைய நிரலின் நகலைப் பென் டிரைவில் ஒப்படைத்திருக்கிறேன்.

இன்று காலை புறப்படும்போது இராமலட்சுமி வீட்டுக்குப் போய், அவர் சார்பிலும் நானே புகார் கொடுக்கிறேன், அலைய வேண்டாம் என்றேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, "ஒன் விஷயத்த நீ சொல்லு. என் விஷயத்த இனிமே நானே சொல்லிக்கிடுதேன்" என்றார். ஒரே பஸ்ஸில் வந்தோம். அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். எனக்கு முன்பாகவே அவர் வாக்குமூலம் கொடுத்து முடித்துவிட்டு, எனக்காகக் காத்திராமல் போய்விட்டதாகப் பெண் காவலர் தெரிவித்தார்.

இதில் உள்ளவை நான் கண்டவையும் கேட்டவையும் செய்தவையுமே. எதையும் கூட்டவில்லை, மறைக்கவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று கண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஷெர்லின்