வண்டி எரிந்தது என் கற்பூரத்தால் என்று சொல்லப்படுவது பற்றி

இதை எழுதும்போது அறையில் இருப்பவர்கள்: எழுதிக்கொள்ளும் சிறப்பு உதவி ஆய்வாளர் அய்யனார், பெண் தலைமைக் காவலர் கனிமொழி, என் பக்கத்து வீட்டு காசியம்மாள், நான். மெக்கானிக் எழிலரசன் வெளியே பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார். கதவைச் சாத்தச் சொன்னது நான்தான்.

என் பெயர் அபிதகுசாம்பாள், வயது 46, கணவர் பெயர் ஜெயச்சந்திரன். ஆரணி கொசப்பாளையத்தில் மேற்படி கணவருடன் குடியிருந்து வருகிறேன். வீட்டு வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை, ஆனால் எழுதப் படிக்க நானாகவே கற்றுக்கொண்டு வண்டியின் வரவு செலவு முழுவதும் நான்தான் எழுதி வருகிறேன். என் கணவர் சொந்தமாக ஒரு பெட்ரோல் மினி லாரி வைத்து களம்பூர் மில்லிலிருந்து அரிசி மூட்டையும், இங்குள்ள முதலாளிகளுக்குப் பட்டு நூலும் ஏற்றி வந்தார்.

சென்ற மாதம் பெய்த மழையில் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றுவிட்டது. அதன் பிறகு அதை எழிலரசன் ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துப் போனோம். அவர் அந்தப் பெட்டி சென்னையிலிருந்து வர நாளாகும் என்றும், அதற்குப் பதில் அந்தப் பெட்டி சொல்கிறபடி பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் முழுவதையும் கழற்றிவிட்டு கார்பரேட்டர் போட்டுவிடலாம் என்றும், பிறகு கோளாறு வந்தால் ஒரு ஸ்குரு டிரைவர் போதும் என்றும் சொன்னார். என் கணவர் அந்தக் காலத்தில் கார்பரேட்டர் வண்டி ஓட்டியவர், உடனே தலையாட்டிவிட்டார். கம்பெனிக்காரன் வைத்ததைப் பிடுங்கினால் ஆர்.சி. புத்தகத்தில் ஒத்துக்கொள்வார்களா என்று நான் கேட்டேன். அதற்கு எழிலரசன், "யக்கா, நீ கணக்கு எழுதறதோட நிறுத்திக்கோ. களம்பூர் மில்லு வண்டிங்க, தேசூர்ல நிக்கிற லோடு வண்டிங்க எல்லாம் நம்ம கை பட்டுதான் ஓடிகினு இருக்குது" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

அதன் பிறகு வண்டி வேலை முடிந்து வந்தது. வந்த நாளிலிருந்தே பெட்ரோல் வாடை அடித்தது. என் கணவரின் சட்டையைத் துவைத்தும் வாடை போகவில்லை. அவர் போய்ச் சொன்னதற்கு எழிலரசன், புது வேலை அப்படித்தான் இருக்கும், ஓட ஓட அடங்கிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மாலை, ஒவ்வொரு வெள்ளியும் செய்கிறபடி வண்டிக்குப் பூஜை போட்டேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டியதும், டிரைவர் உள்ளே உட்கார்ந்து சாவியை மட்டும் போட்டு முன் விளக்கையும் அம்மன் படத்துக்கு மேல் இருக்கிற கலர் பல்பையும் எரியவிடுவார். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய மாட்டார். முன்பெல்லாம் சாவியைப் போட்டதும் பின்னாலிருக்கிற பெட்ரோல் டாங்கியில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் வந்து உடனே அடங்கிவிடும். அன்றைக்கு அந்தச் சத்தம் அடங்கவே இல்லை. வண்டி நிற்கிறதே, எது கத்துகிறது என்று கேட்டேன். அதற்கு என் கணவர், "பெட்ரோல் பம்புதான் கத்துது. பழைய பம்பையே வச்சி, நேரா சாவில வயர் குடுத்துட்டானாம். அது அப்டிதான் கத்தும்னு எழிலு சொன்னான்" என்றார். இதைப் பக்கத்தில் நின்ற காசியம்மாளும் கேட்டார்.

அதன் பிறகு நான் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி மூன்று முறை சுற்றி வண்டிக்கு முன்னால் தரையில் வைத்தேன். சாம்பிராணிப் புகையில் வேறு வாடை எதுவும் தெரியவில்லை. இந்த வண்டியில் இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பம்பு நிற்காமல் தள்ளியதில் கார்பரேட்டர் நிரம்பி வழிந்து, பெட்ரோல் கீழே சொட்டி, தெருவின் சரிவில் முன்பக்கமாக ஓடி வந்திருக்கிறது. கற்பூரத்திலிருந்து தீ தரையோடு வண்டிக்கு அடியில் ஓடியதைப் பார்த்தேன். உள்ளே இருந்த என் கணவர் குதித்துவிட்டார். அவருக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பம்பு கத்திக்கொண்டே இருந்தது, தீயும் ஏறிக்கொண்டே இருந்தது. அதனால் அவர் மறுபடி உள்ளே கையை விட்டுச் சாவியை அணைத்தார். அதில்தான் இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. சாவியை அணைத்ததும் ஒழுகுவது நின்றது. அதன் பிறகு தெருக்காரர்கள் மணலைக் கொட்டி அணைத்தார்கள். முன்பக்கம் கருகிவிட்டது. பின்னாலிருக்கிற டாங்கி எரியவில்லை.

அதன் பிறகு மறுநாள் எழிலரசன் ஆப்பிள் பழத்தோடு என் கணவரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "யக்கா, நான் வண்டிய நல்லாதான் குடுத்தேன். பெட்ரோல் வண்டி முன்னால நீ நெருப்ப வச்சிகினு கும்பிட்டா மெக்கானிக் இன்னா பண்ணுவான்? சாமிய கேளு" என்றார்.

"வாரா வாரம் இதே வண்டிக்கு இதே கற்பூரம்தான் காட்டினேன். அப்பல்லாம் எரியாத வண்டி நீ தொட்டப்புறம் எரிஞ்சிது. சாமிய இதுல இழுக்காத" என்று சொல்லிப் பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எழிலரசன் போன பிறகு, என் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் துடைத்துக்கொள்ளவும் முடியாமல் என் முந்தானையில் துடைத்துவிடச் சொல்லிவிட்டு, "நீ கொஞ்சம் தள்ளி வச்சிருக்கலாமோ" என்று கேட்டார். மீதிக் கஞ்சியை ஊட்டி முடித்தேன்.

அதன் பிறகு நான் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது எழிலரசன் ஒரு டிராக்டரையும் சங்கிலியையும் கொண்டு வந்து வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். யாரைக் கேட்டுக் கட்டுகிறாய் என்றதற்கு, கருகிப்போன இரும்பு வாசலில் கிடந்தால் அபசகுனம், ஜல்தியாக எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்றார். அபசகுனம் பார்க்கிற ஆள் அவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். பம்பு டாங்கிக்குள் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நான் டிராக்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர், "பொம்பள இப்டி நடுத்தெருவுல உக்காந்து பேஜார் பண்றியே, உனுக்கே அசிங்கமா இல்ல?" என்றார். அதற்கு காசியம்மாள், "அவ உக்காந்துகினு இருக்கட்டும். நீ மொதல்ல சங்கிலிய அவுரு" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு தெருவில் யாரோ போன் செய்ய, போலீசார் வந்து வண்டியை நிலையத்துக்கு எடுத்து வந்தார்கள். அது இப்போது பின்பக்கம் வேப்ப மரத்தடியில் நிற்கிறது.

எழிலரசன் தன் பங்குக்குக் கற்பூரத்தால்தான் தீ என்று எழுதிக் கொடுத்திருப்பதாக எனக்கு இன்று படித்துக் காட்டினார்கள். கற்பூரம் ஏற்றியது நான்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கே பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றியது நான் அல்ல. இன்ஜின் ஓடாதபோது பம்பை நிறுத்துகிற கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி எறிந்தவர், அந்த வேலையைச் செய்ய வேறு எதையும் வைக்கவில்லை. வாடை அடிக்கிறது என்று போய்ச் சொன்ன பிறகும் பார்க்கவில்லை. என் பக்தியைக் குற்றமாக்கி அவர் தப்பித்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரிடம் எனக்கு ஒரு பைசா வேண்டாம். வெளிச் சமரசம் பேச அவர் ஆள் அனுப்பினால் அந்த ஆளின் பெயரையும் இங்கேயே வந்து சொல்வேன்.

வாகன ஆய்வாளரை வரவழைத்து அந்த டாங்கியைத் திறந்து, பம்பு எது, வயர் எங்கே போகிறது என்று பார்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆயுத பூஜை வருகிறது. எழிலரசன் கை பட்டதாக அவர் வாயாலேயே சொன்ன களம்பூர் வண்டிகளிலும் தேசூர் வண்டிகளிலும் அன்றைக்குச் சாவியைப் போட்டு விளக்கை எரியவிடுவார்கள். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒருத்தி கற்பூரத்தோடு நிற்பாள். அந்த வண்டிகள் எவை எவை என்று அவரைக் கேளுங்கள், வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்.

எழுதியதை அய்யனார் படிக்கக் கேட்டேன். பிறகு நானும் ஒருமுறை வாங்கிப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் உண்மை. பூஜைக்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

(ஒப்பம்)
ஜெ. அபிதகுசாம்பாள்