தொலைபேசியில் மட்டும் மனைவியான எங்கள் ஹலோ அக்காவுக்கு

அன்பும் அடக்கமும் ஒருங்கே அமைந்த அக்கா அவர்களே! முகம் காட்டாமலே ஊருக்கெல்லாம் அறிமுகமான குரலே! குழாய் உடைந்த கோபத்தில் கூப்பிட்டவர்களையும் குளிர்ந்த மனத்தோடு அனுப்பிவைத்த குணவதியே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்தக் குடிநீர் அலுவலகத்தின் தொலைபேசி அறையில் அமர்ந்து, வந்த வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு "ஆள் கிளம்பிட்டாங்க சார்" என்று வாஞ்சையோடு வழங்கிய வள்ளலே! வணக்கம்.

வழக்கமாகப் பணி ஓய்வு மடலில் இந்த இடத்தில் நேரம் தவறாமை, பொறுமை, புன்னகை என்று அடுக்குவார்கள். எல்லாம் உங்களிடம் உண்டு. அதைச் சொல்ல ஒரு மடல் தேவையில்லை. நாங்கள் சொல்ல வந்தது வேறு. உங்களிடம் அனுமதியும் கேட்டோம். "சொல்லுங்கப்பா. இன்னொரு வீட்ல யாராவது இதே மாதிரி முழிச்சிட்டிருந்தா, அவங்களுக்காவது புரியட்டும்" என்றீர்கள். ஆகவே சற்று நேரம் அவையைப் பார்த்துப் பேசுகிறோம். உங்களிடமே சொன்னால் "போதும், காபி ஆறுது" என்று எழுந்துவிடுவீர்கள்.

அவையோரே! அக்காவின் கணவர் கட்டட வரைபடம் வரைந்து பிழைத்தவர். கோணலாக மாட்டிய காலண்டரைக் கண்டால் தூக்கம் வராத மனிதர். அவர் ஒரு நாள் நாற்காலி எங்கே இருக்கிறது என்று பிடிபடாமல் வெறுங்காற்றில் உட்காரப் போனார். சட்டைப் பொத்தான் பகை ஆனது. மேஜைக்கடியில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி, அவர்களை மிதிக்காமல் சுற்றி நடந்தார்.

"மறதி நோயா டாக்டர்?" என்று கேட்டார் அக்கா.

"லூயி பாடி டிமென்ஷியான்னு பேரும்மா. மறதி பின்னால வரலாம். இப்போ கண்ணு பார்க்கறதை மூளை சரியாச் சேர்த்துக் கொடுக்க மாட்டேங்குது. ஒரு நாள் பழைய மனுஷனா இருப்பார், மறுநாள் ஆளே வேற மாதிரி இருப்பார். நடிக்கறார்னு மட்டும் நினைச்சிடாதீங்க."

அதன் பிறகு ஒரு மாலை. அக்கா வேலை முடிந்து கதவைத் தட்டினார். கணவர் திறந்தார்.

"யாரும்மா வேணும்?"

"விளையாட்டா? நான்தாங்க."

"என் வீட்டுக்காரி ஆபீஸ்ல இருக்கா. வந்ததும் சொல்றேன்."

அக்கா சிரித்தார். பிறகு கல்யாணப் போட்டோவை எடுத்துக் காட்டினார். பிறகு அழுதார். அவர் போட்டோவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அச்சு அசலா அவ மாதிரியே இருக்கீங்க. குரலைக்கூட நல்லாப் பழகி வச்சிருக்கீங்க. எதுக்காக இதெல்லாம்?" என்று கேட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டார். அக்கா மெய்ப்பிக்க முயன்றது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் மதியம் எங்கள் தொலைபேசி அறையில் மணி அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கத்தித்தான் பேசுவார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"ஏய், எங்கே போயிட்டே நீ? நம்ம வீட்ல யாரோ ஒரு அம்மா வந்து தங்கியிருக்காங்க!"

இரண்டடி தூரத்து முகத்தில் அடையாளம் காணாத மனைவியை, இருபது தெரு தாண்டி வந்த குரலில் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

டாக்டர் விளக்கினார். முகத்தைப் பார்த்ததும் 'இவள் என்னுடையவள்' என்று நெஞ்சில் தட்டும் உணர்வு ஒன்று உண்டு. அந்தப் பாதை அறுந்துவிட்டால், முகம் சரியாகத் தெரியும். ஆனால் வேஷம் போட்டவரைப் போலத் தோன்றும். குரலுக்கு வேறு வழி. முகம் குறுக்கே வராத இடத்தில் அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. "வாதாடாதீங்க. அவர் எங்க உங்களைக் கண்டுபிடிக்கறாரோ, அங்க போய் நில்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து உணவு இடைவேளை முழுவதும் அக்கா ஒருத்தருக்கு மனைவியாக இருந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த நாத்தனார் போனை எடுத்துக் கொடுப்பார். கணவர் அந்த அம்மாவைப் பற்றிப் புகார் வாசிப்பார். "அதட்டறாங்கடி." "நான்தான் அதட்டச் சொல்லியிருக்கேன். மாத்திரை போட்டீங்களா?" "போட்டேன். உன்னைவிட மோசம் அவங்க!" இருவரும் சிரிப்பார்கள்.

மாலையில் அக்கா அந்த அம்மாவாக வீடு திரும்புவார். வேற்றுப் பெண்முன் சட்டை மாற்ற மாட்டேன் என்று கணவர் கூச்சப்படுவார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கையை மட்டும் பின்னால் நீட்டி உதவுவார். அக்காவின் படுக்கை கூடத்துக்கு மாறிவிட்டது. ஒரு நாள் அவர் மிகுந்த பரிவோடு கேட்டாராம்: "உங்களுக்குன்னு யாரும் இல்லையாம்மா?"

"இல்லைங்க" என்றாராம் அக்கா. வேறென்ன சொல்வார்?

இப்போது அக்காவுக்குப் பணி ஓய்வு. நாத்தனாரும் மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார். அடுப்பும் மாடிப்படியும் இருக்கும் வீட்டில் கணவரைத் தனியே விட முடியாது. வீட்டுக்குள்ளிருந்தே பேசிப் பார்க்கலாமென்று அக்கா போன வாரம் குளியலறையிலிருந்து செல்போனில் அழைத்தார். "என் பெண்சாதியை உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க!" என்று அவர் கதவை இடித்ததில் தாழ்ப்பாள் கழன்றது. முழு நாளும் வீட்டில் இருக்கப்போகிற அக்கா, இனி ஒரு நிமிடம்கூட மனைவியாக இருக்க முடியாது.

நேற்று மதியம் அக்கா போனில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். "நாளையோட எனக்கு வேலை முடியுதுங்க."

"அப்பாடா! இனிமே வீட்லயே இருப்பே. இந்த அம்மாவை அனுப்பிடலாம். நல்லவங்கதான், பாவம். ஆனா நீ வந்தப்புறம் அவங்க எதுக்கு?"

அக்கா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "அவங்க இருக்கட்டுமே. போக இடமில்லையாம்" என்றார்.

"அப்படியா? சரி, இருக்கட்டும். ஒரு வாய்ச் சோறு நமக்குப் பாரமா?"

அக்கா போனை வைத்தார். அடுத்த மணி அடித்தது. "ஹலோ, குடிநீர் அலுவலகம்" என்றார்.

அக்கா அவர்களே! மீண்டும் உங்களிடமே வருகிறோம். பொன்னாடை, வெள்ளித்தட்டு எதுவும் இன்று இல்லை. பில் பிரிவும் மீட்டர் பிரிவும் முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். தினமும் மாலை எங்களில் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து அவரோடு உட்காருவோம். நீங்கள் இறங்கித் தெருமுனைக்குப் போங்கள். அங்கிருந்து அழையுங்கள். போனை எடுத்து அவர் கையில் கொடுப்பது எங்கள் பொறுப்பு. இன்று காலை இதைச் சொன்னபோது, "தெருவுல நின்னு என் வீட்டுக்கே நான் போன் பண்ணணுமா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள், சிரித்து முடிக்கவில்லை. "இன்னும் ஆபீஸ் முடியலையான்னு கேட்டா என்ன சொல்ல?" என்றும் கேட்டீர்கள். முடியவில்லை என்று சொல்லுங்கள். எங்களைப் பொறுத்தவரை அது பொய்யல்ல.

இந்த நோய் திரும்பிப் போகாது. ஒரு நாள் குரலின் வழியும் அடைபடலாம். உங்கள் தனிமையைத் தீர்ப்போம் என்று சொல்லும் துணிச்சல் எங்களுக்கில்லை. கிடைக்கிற நேரம் கிடைக்கட்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

தெருமுனையில் நின்று பேசப்போகும் மனைவி நோயின்றி நீடு வாழ்க! பேசி முடித்துப் படியேறித் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, அனுமதி கேட்டு உள்ளே போகப்போகும் அந்த அம்மாவும் அவரோடு நீடு வாழ்க!

என்றும் உங்கள் அழைப்பை எடுக்கக் காத்திருக்கும்,
குடிநீர் அலுவலகப் பணியாளர்கள்