ஒம்பது நாளைக்கு வந்த நாத்தனார்

குத்துங்க, குத்துங்க பாஸ்குவாலாம்மா, இடுப்புல சதை வேற எதுக்கு இருக்கு? ஆறு வருஷமா எங்க நாத்தனார் வாயாலயே குத்திக்கிட்டிருக்கா, உங்க குண்டூசியெல்லாம் எந்த மூலைக்கு! எம்பொண்ணு மெல்சோராவை அவதான் பூசைக்கு இழுத்துட்டுப் போயிருக்கா. ஆறு மணிப் பூசை, எட்டு மணிப் பூசை, ரெண்டுக்கும்! முதல் தடவை கடவுள் காதுல விழலைன்னு நெனப்பு போல. பரவால்ல, கவுனை எம்மேலயே வெச்சு அளவு பாருங்க, எம்பொண்ணு அளவும் என் அளவும் ஒண்ணுதான். ஏன் அப்படி நிமிந்து பாக்கறீங்க? சரி… கிட்டத்தட்ட ஒண்ணு. ரெண்டு அங்குலம் பிடிச்சுக்குங்க.

அப்பாடா, மாம்பழக் கலர்ப் பட்டு! ஆறு வருஷம் கழிச்சு இந்த வீட்டுக்குள்ள ஒரு கலர் வந்திருக்கு. வெறும் கறுப்பு, கறுப்பு, கறுப்பு… நாங்க வரிசையா கோயிலுக்குப் போறதைப் பாத்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம், பேக்கரிக்காரன் சொன்னான். மாமியார் செத்தப்ப வந்தவதானே இந்த எஸ்கொலாஸ்திகா? ஒம்பது நாள் ஜெபம். எல்லார் வீட்லயும் என்ன பண்றாங்க? ஒம்பதாம் நாள் சாக்லேட் குடிச்சுட்டு அவங்கவங்க ஊருக்குக் கிளம்பறாங்க. இவ சாக்லேட்டையும் குடிச்சா, கோப்பையையும் கழுவி வெச்சா, பியானோவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகினா. ஆச்சு, ஆறு வருஷம்!

யார் செத்தா எத்தனை நாள் கறுப்புன்னு பட்டியல் போட்டு சாப்பாட்டு அறைக் கதவுல ஒட்டியிருக்காளே, பாத்தீங்களா? தாய் தகப்பனுக்கு ரெண்டு வருஷம். கூடப்பொறந்ததுக்கு ஒரு வருஷம். பெரியப்பா, சித்தப்பாவுக்கு ஆறு மாசம். ஒண்ணுவிட்டது, ரெண்டுவிட்டது எல்லாத்துக்கும் மூணு மாசம். ஒரு துக்கம் முடியறதுக்குள்ள இன்னொருத்தர் போனா அன்னிலேர்ந்து புதுசா எண்ணணும். எங்க வீட்டுக்காரர் வம்சமோ, கேக்கவே வேணாம், திராட்சைக் கொத்து மாதிரி, ஒண்ணு விழுந்தா ஒண்ணு. போன வருஷம் கறுப்பு முடிய நாலு நாள் இருக்கறப்போ தாக்னாவுல ஒரு பெரியப்பா போனார். என் கல்யாணத்துக்கு வராத மனுஷன், எம்பொண்ணு கல்யாணத்தை நிறுத்தறதுக்குன்னு செத்தார்!

நானும் கன்னியாஸ்திரிகள்கிட்ட ஒம்பது வருஷம் வளந்தவதாம்மா. அங்ககூட ஞாயித்துக்கிழமை ஊஞ்சல் ஆட விடுவாங்க. இங்க குருவிக்கூண்டுக்கும் கறுப்புத் துணி. எங்க வீட்டுக்காரர் இருக்காரே, அவருக்கு என்ன? அக்கா பேச்சைத் தட்டமாட்டார். கோழிக்கூட்டுக்குள்ள குனிஞ்சு உக்காந்து சுருட்டுப் பிடிக்கறார். கோழியெல்லாம் இருமுது.

எல்லாத்தையும் பொறுத்துக்கலாம். ஆனா அந்த ஜன்னல்! தெரு ஜன்னலைச் சாத்திட்டா, வயசுப் பொண்ணைப் பாக்க வர்ற பையன் கம்பிக்கிட்ட நின்னு என்ன பண்ணுவான்? மரப்பலகைகூடவா பேசுவான்? ஆனா ஞானஸ்நானத்துல நீங்க கையில ஏந்தின உங்க ஞானப்புள்ள பேசினாம்மா. அதையும் சொல்லணும்ல. ஆறு வருஷம், சாயங்காலம் சாயங்காலம் வந்து பலகைகிட்டப் பேசிட்டுப் போனான் தொரிபியோ. வேற எவனாயிருந்தாலும் பலகையையே கட்டிக்கிட்டிருப்பான்.

ஆ! அது துணி இல்ல, நான்.

சனிக்கிழமையோட துக்கம் முடியுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்களும் அவனும் வர்றீங்க, பொண்ணு கேக்கறீங்க. செவ்வாக்கிழமை ரயில்ல அவன் மொயெந்தோவுக்குப் போறான், ஸ்டேஷன் மாஸ்டரா! நீங்க வந்து கேட்டாத்தான் கேட்ட மாதிரி. ஞானத்தாய் இல்லாம தனியா வந்து நிக்க அவன் என்ன பால்காரனா? அதான் உங்ககிட்ட மனசுவிட்டுச் சொல்றேன். அவன்கிட்ட நல்லாப் புரியற மாதிரி சொல்லிடுங்க, இந்த ஆறு வருஷமும் அந்தப் பொம்பளையோட வேலை. எங்களுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

என்ன, ஊசியெல்லாம் வாயிலேர்ந்து எடுக்கறீங்க?

யாரு கூப்பிட்டதா? யாரும் கூப்பிடலையே. அவளாத்தான் வந்தா… லெட்டரா? எந்த லெட்டர்? என் கையெழுத்துல எத்தனையோ பேர் எழுதுவாங்க, அந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஒரே கையெழுத்துதான்… காட்டினாளா? உங்களுக்கா? பூசை முடிஞ்சு வாசல்ல வெச்சா? பாத்தீங்களா, வாராவாரம் பாவசங்கீர்த்தனம் பண்றவ செய்யற காரியமா இது!

சரி. எழுதினேன். ரெண்டு வரி.

நாலு பக்கம்னா சொன்னா? என் எழுத்து கொஞ்சம் பெரிசும்மா.

அப்போ தொரிபியோ யாரு, சொல்லுங்க? வீடு வீடா தந்தி குடுக்கற பையன். காலர் நைஞ்ச ஒரே சட்டை. 'ஜெபத்துக்கு வர்றப்போ பெட்டியைப் பெரிசா எடுத்துட்டு வாங்க நாத்தனாரே, ஜன்னல் பக்கம் ஒரு தந்திக்காரன் சுத்தறான், நீங்க வந்து உக்காந்தா ஈகூட அண்டாது'ன்னு எழுதினேன். பொண்ணைப் பெத்தவ எவதான் எழுத மாட்டா? ஸ்டேஷன் மாஸ்டர் ஆவான்னு அவன் நெத்தியில எழுதியா இருந்துச்சு? ஒரு வருஷம்னுதான் நெனச்சேன். அவன் அலுத்துப்போவான், இவளும் ஊருக்குப் போயிடுவா. அவனும் போகல, இவளும் போகல! பிடிவாதத்துல அவங்க ரெண்டு பேருக்குத்தான் பொருத்தம். போன்னு சொல்லவும் வழியில்ல, சொன்னா அந்த லெட்டரைக் காட்டுவாளே.

அப்ப… தெரிஞ்சுக்கிட்டேதான் வந்தீங்களா? நானா என்ன சொல்றேன்னு பாக்கவா? அரைமணி நேரமா ஊசியைக் கடிச்சுக்கிட்டு?

கூடையை ஏன் மூடறீங்க? ஓரம் அடிக்கலையே. ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல? தலையையாவது ஆட்டுங்க… பாஸ்குவாலாம்மா!

போறாங்களே. படி எறங்கிட்டாங்களே! நான் எப்படிப் பின்னால ஓடறது, உடம்பு பூரா ஊசி. இந்த மஞ்சளோட தெருவுல எறங்கினா ஊரே கை தட்டும், துக்கம் இன்னும் மூணு நாள் பாக்கி. எங்க இந்த ஜன்னல் தாழ்ப்பாள்… துரு… ஆறு வருஷத் துரு… அம்மா! தொறந்துடுச்சு.

பாஸ்குவாலாம்மா! நில்லுங்க! நான்தான் எழுதினேன்! அவ இல்ல, நான்! உங்க புள்ளைகிட்ட அப்படியே சொல்லுங்க! என்னைத் திட்டச் சொல்லுங்க, ஆனா எம்பொண்ணை விட்டுட்டுப் போக வேணாம்! மெல்சோராவுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா! தினமும் இந்தப் பலகைக்கு உள்பக்கம்தான் உக்காந்திருந்தா, பதில் பேசக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டு, காதை ஒட்டி வெச்சுக்கிட்டு!

ஐயோ, பூசை முடிஞ்சு முக்குல வந்துட்டாங்க அத்தையும் பொண்ணும். வாயை மூடுங்க நாத்தனாரே, ஈ போயிடும். ஆமா, மஞ்சள்தான். ஆமா, ஜன்னல்தான். உங்க பட்டியல்ல என் பேருக்கு நேரா இன்னும் ஒரு வருஷம் எழுதிக்குங்க, நான் ஒருத்தியே கறுப்பு உடுத்தித் தொலைக்கறேன்!

மெல்சோரா, அங்க என்னடி மரமா நிக்கற? பாஸ்குவாலாம்மா கையைப் பிடி! அத்தை கிடக்கட்டும்! ஓடுடி! என்னைப் பாக்காத, அவங்களைப் பிடி!